நெஷ் (ஆங்கில வட்டார வழக்குச் சொல்)

நெஷ் என்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் வடமேற்குப் பகுதியிலும் பேச்சு வழக்கில் உள்ள ஒரு பழமையான ஆங்கிலச் சொல் ஆகும். குளிரை எளிதில் தாங்க முடியாதவர் என்பது இதன் இன்றைய முதன்மைப் பொருள். ‘பூஞ்சை உடம்பு’ என்று தமிழில் சொல்வது இதற்கு ஓரளவு நெருங்கி வரும்.

பள்ளிகளில் கற்பிக்கப்படும் பொது ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு இடமில்லை. ஆங்கிலத்தை நன்கு கற்றவர்களில் பலரும் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இது வட்டாரச் சொல்லாக இருக்கவில்லை. நற்செய்தி நூல்களின் மொழிபெயர்ப்பிலும் மருத்துவக் குறிப்புகளிலும் எழுதப்பட்ட நல்ல ஆங்கிலச் சொல்லாகவே இருந்தது. பின்னர் பொதுமொழி இதைக் கைவிட்டது. உழவர்களும் நெசவாலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் கைவிடவில்லை. வட்டார வழக்கு என்பது பொதுமொழியின் சிதைந்த வடிவம் என்று பலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை இந்த ஒரு சொல்லின் வரலாற்றைக் கொண்டே காட்டிவிடலாம்.

பொருள்

இச்சொல்லின் பொருள்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

1. தொட்டால் மென்மையாக இருப்பது, இளசானது. இதுவே மிகப் பழைய பொருள்.

2. உடல் வலுவற்றது, எளிதில் நோய்வாய்ப்படக்கூடியது. குழந்தைகளையும் இளம் ஆட்டுக்குட்டிகளையும் குறித்து இவ்வாறு கூறுவதுண்டு.

3. குளிர் தாங்காத தன்மை. இன்று பெரும்பாலும் இப்பொருளிலேயே வழங்குகிறது.

4. துணிவின்மை, கடினமான வேலைக்குப் பின்வாங்கும் இயல்பு.

இந்த நான்கும் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. மென்மையான பொருள் எளிதில் நசுங்கும். மென்மையான உடல் எளிதில் நோயுறும். நோயுறும் உடல் குளிரைத் தாங்காது. குளிருக்கும் துன்பத்துக்கும் அஞ்சுபவர் துணிவற்றவராகக் கருதப்படுவார். இவ்வாறு ஒரு பொருளின் தன்மையைக் குறித்த சொல் மனிதரின் உடலுக்கும், உடலிலிருந்து மனத்துக்கும் நகர்ந்துள்ளது. சொற்பொருள் மாற்றத்தில் இது உலக மொழிகள் பலவற்றிலும் காணப்படும் வழி.

நெஷ் என்பதற்கும் குளிர்வதற்கும் வேறுபாடு உண்டு. பனி கொட்டும் நாளில் கோட்டு இல்லாமல் வெளியே நிற்பவர் நடுங்கினால் அவர் நெஷ் அல்லர். அவருக்குக் குளிர்கிறது, அவ்வளவுதான். மற்றவர்கள் சட்டையோடு இயல்பாக உலாவும் நாளில் ஒருவர் மட்டும் கம்பளி ஆடையும் கழுத்துத்துணியும் அணிந்து வந்தால் அவர்தான் நெஷ். அதாவது இச்சொல் வானிலையைக் குறிப்பதன்று. ஒருவரின் தாங்குதிறனைப் பிறரோடு ஒப்பிட்டுக் கூறுவது. இந்த நுட்பத்தை ஒரே சொல்லால் குறிக்கப் பொது ஆங்கிலத்தில் வழியில்லை. ‘குளிரால் எளிதில் பாதிக்கப்படுபவர்’ என்று நீட்டியே சொல்ல வேண்டும்.

பேசுபவரைப் பொறுத்தும் இதன் தொனி மாறும். தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டால் அது ஒப்புதல். நண்பரைப் பார்த்துச் சொன்னால் கிண்டல். நோயுற்ற குழந்தையைப் பற்றித் தாய் சொன்னால் கவலை.

சொற்பிறப்பு

ஆங்கில மொழியின் வரலாற்றைப் பழைய ஆங்கிலம், இடைக்கால ஆங்கிலம், புதிய ஆங்கிலம் என மூன்று காலங்களாகப் பிரிப்பர். ஏறத்தாழ கி.பி. 450 முதல் 1100 வரையிலானது பழைய ஆங்கிலம். அக்காலத்தில் இச்சொல் ‘ஹ்னெஷெ’ என்று ஒலித்தது. மென்மையான, இளகிய, வலுவற்ற என்பன அதன் பொருள்கள். இதிலிருந்து ‘ஹ்னெஷியன்’ என்ற வினைச்சொல்லும் உருவாயிற்று. இளகச் செய்தல், மென்மையாதல் என்பது அதன் பொருள். உடலில் இறுகிப்போன வீக்கங்களை மருந்து வைத்து இளக்குவதைக் கூறும்போது பழைய ஆங்கில மருத்துவ நூல்கள் இவ்வினையைப் பயன்படுத்துகின்றன.

நற்செய்தி நூல்களுக்கு 10ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் மேற்குச் சாக்சன் வழக்கில் ஒரு மொழிபெயர்ப்பு இருந்தது. மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில், மெல்லிய ஆடை அணிந்த மனிதரைப் பார்க்கவா பாலைநிலத்துக்குப் போனீர்கள் என்ற கருத்தில் ஒரு கேள்வி வருகிறது. அங்கே ‘மெல்லிய’ என்பதற்கு அம்மொழிபெயர்ப்பாளர் எழுதிய சொல் ஹ்னெஷெ என்பதன் வேற்றுமை வடிவமே.

இதே வசனம் மற்றொரு வகையிலும் முதன்மை பெறுகிறது. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, சுவீடிய மொழி முதலியவை ஜெர்மானிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தில் விரிவான நூல் வடிவில் கிடைக்கும் மிகப் பழைய மொழி கோத்திக் ஆகும். 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் விவிலியத்தைக் கோத்திக் மொழியில் பெயர்த்தார். அதன் 6ஆம் நூற்றாண்டுப் படி ஒன்று சுவீடனின் உப்சாலா நகரில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அந்த மொழிபெயர்ப்பில் மேற்கண்ட வசனத்தின் ‘மெல்லிய’ என்பதற்கு ‘ஹ்னஸ்க்வுஸ்’ என்ற சொல்லின் வடிவம் வருகிறது. ஹ்னெஷெ, ஹ்னஸ்க்வுஸ் ஆகிய இரண்டும் ஒரே குடும்பச் சொற்கள் எனப் பல அறிஞர்கள் கருதுகின்றனர். இரண்டின் உயிரொலிகளும் முழுமையாகப் பொருந்தாததால் அவ்வுறவின் தன்மை பற்றி விவாதமும் உண்டு. டச்சு மொழியின் பழைய வழக்கிலும் ஈரமான, மென்மையான என்னும் பொருளில் நெருங்கிய சொல் ஒன்று இருந்தது.

ஹ்னெஷெ நெஷ் ஆனது எப்படி

ஹ்னெஷெ என்பது நெஷ் ஆக மாறியதை யாரோ தவறாக உச்சரித்ததன் விளைவு என எண்ணக் கூடாது. ஆங்கிலம் முழுவதிலும் ஒழுங்காக நிகழ்ந்த மாற்றங்களே இச்சொல்லிலும் நிகழ்ந்தன.

முதல் மாற்றம், சொல்லின் முதலில் இருந்த ஹகர ஒலி மறைந்தது. பழைய ஆங்கிலத்தில் ன, ல, ர ஆகிய ஒலிகளுக்கு முன் ஹகரம் வரும். கொட்டையைக் குறிக்கும் ‘ஹ்னுட்டு’ இன்று நட் ஆகியுள்ளது. கழுத்தைக் குறித்த ‘ஹ்னெக்கா’ நெக் ஆகியுள்ளது. வளையத்தைக் குறிக்கும் ‘ஹ்ரிங்’ ரிங் ஆயிற்று. ரொட்டியைக் குறித்த ‘ஹ்லாஃப்’ லோஃப் ஆயிற்று. இதே விதிப்படியே ஹ்னெஷெ தன் முதல் ஒலியை இழந்தது.

இரண்டாவது, ‘ஸ்க்’ என்ற ஒலிக்கூட்டு ‘ஷ்’ ஆனது. ஜெர்மானிய மொழிகளின் மூலத்தில் ஸ்க் என்றிருந்த ஒலி பழைய ஆங்கிலத்திலேயே ஷகரமாக மாறிவிட்டது. ஸ்காண்டிநேவிய மொழிகள் பழைய ஒலியைக் காத்தன. இதனால் விளைந்த சுவையான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஷர்ட், ஸ்கர்ட் ஆகிய இரு சொற்களும் ஒரே மூலத்தைக் கொண்டவை. ஷர்ட் என்பது ஆங்கிலம் தானே வளர்த்த வடிவம். ஸ்கர்ட் என்பது ஸ்காண்டிநேவியக் குடியேறிகள் கொண்டுவந்த வடிவம். கோத்திக் சொல்லில் ஸ்க் ஒலியும் ஆங்கிலச் சொல்லில் ஷ் ஒலியும் இருப்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, சொல்லின் இறுதியில் இருந்த எகர ஒலி இடைக்கால ஆங்கிலத்தின் முடிவில் மறைந்தது. இதுவும் ஆங்கிலச் சொற்கள் அனைத்துக்கும் பொதுவான மாற்றம்.

நட், நெக், ரிங், லோஃப் ஆகியவற்றை யாரும் கொச்சைச் சொற்கள் எனக் கூறுவதில்லை. நெஷ் என்பதும் அவற்றைப் போல அதே விதிகளின்படி வளர்ந்த சொல்தான். ஒலி வரலாற்றை மட்டும் பார்த்தால், பொதுமொழிச் சொல் எது, வட்டாரச் சொல் எது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

பொதுமொழியிலிருந்து விலகியது

இடைக்கால ஆங்கிலத்தில், அதாவது ஏறத்தாழ 1100 முதல் 1500 வரை, இச்சொல் பரவலாக எழுதப்பட்டது. ‘கடினத்திலும் நெஷ்ஷிலும்’ என்றொரு தொடர் அக்காலக் கதைப்பாடல்களில் வழங்கியது. இன்பத்திலும் துன்பத்திலும், எந்த நிலையிலும் என்பது அதன் பொருள். மரபுத்தொடரில் இடம்பெறும் அளவுக்கு ஒரு சொல் வேரூன்றியிருந்தால் அது மக்கள் நாவில் நன்கு பழகிய சொல் என்பதில் ஐயமில்லை.

அப்படிப்பட்ட சொல் பொதுமொழியிலிருந்து ஏன் மறைந்தது? மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, ‘சாஃப்ட்’ என்ற சொல்லின் வளர்ச்சி. இதுவும் பழைய ஆங்கிலச் சொல்லே. ஆனால் தொடக்கத்தில் அமைதியான, இதமான என்ற பொருளையே தந்தது. 1200ஐ ஒட்டிய காலத்திலிருந்து, தொட்டால் மென்மையானது என்ற பொருளையும் ஏற்றது. நெஷ் நின்ற இடத்தில் சாஃப்ட் வந்து அமர்ந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் விக்கிலிஃப்பின் பெயரால் அறியப்படும் விவிலிய மொழிபெயர்ப்பு வெளியானது. முன்பு ஹ்னெஷெ வந்த அதே மத்தேயு வசனத்தில் அங்கே சாஃப்ட் இடம்பெற்றுள்ளது. ஏறத்தாழ 400 ஆண்டுகளில் நடந்த இடமாற்றத்தை ஒரே வசனம் நமக்குக் காட்டிவிடுகிறது.

இரண்டாவது, பிரெஞ்சு மொழியின் செல்வாக்கு. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் ஆட்சியாளர் மொழி பிரெஞ்சு ஆயிற்று. இளமையும் மென்மையும் குறிக்கும் ‘டெண்டர்’ என்ற சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. 14ஆம் நூற்றாண்டில் இலத்தீன் மூலமுடைய ‘டெலிகேட்’ என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. நெஷ் சுமந்த பொருள்களை இவை பங்கு போட்டுக்கொண்டன.

மூன்றாவது, பொதுமொழி உருவான இடம். அரசு அலுவல்களும் வணிகமும் இலண்டனில் குவிந்தன. வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் நிறுவினார். இலண்டன் சார்ந்த வழக்கே அச்சேறியது. அச்சேறியதே பின்னர் ‘சரியான ஆங்கிலம்’ எனப் பெயர் பெற்றது. செஷயரிலும் டார்பிஷயரிலும் மக்கள் பேசியது அச்சுக்கு வரவில்லை. எனவே அது ‘வட்டாரம்’ ஆனது. சொல்லின் தகுதி குறைந்ததால் நேர்ந்ததன்று இது. அதைப் பேசிய ஊர்கள் தலைநகரிலிருந்து தொலைவில் இருந்ததே காரணம்.

இலக்கியத்தில் நெஷ்

19ஆம் நூற்றாண்டு நாவலாசிரியர்கள் சிலர் உழைக்கும் மக்களின் பேச்சை உள்ளவாறே எழுத முயன்றனர். அப்போது நெஷ் மீண்டும் அச்சில் தோன்றியது.

எலிசபெத் காஸ்கெல் எழுதிய ‘மேரி பார்ட்டன்’ 1848இல் வெளிவந்தது. மான்செஸ்டர் நகர ஆலைத் தொழிலாளர்களின் வறுமையைக் கூறும் நாவல் அது. முதல் அத்தியாயத்தில் இரு தொழிலாளர் குடும்பங்கள் வயல்வெளியில் உலாவச் செல்கின்றன. புல் ஏறக்குறைய உலர்ந்துவிட்டது, நீங்கள் எளிதில் சளி பிடிக்கும் உடம்புக்காரர்களும் அல்லர் என்று கூறி அமரச் சொல்லும் இடத்தில் நெஷ் என்ற சொல் வருகிறது.

அந்த நாவலில் வரும் வட்டாரச் சொற்களுக்கு அடிக்குறிப்புகள் உண்டு. அவற்றை எழுதியவர் எலிசபெத்தின் கணவர் வில்லியம் காஸ்கெல் எனக் கருதப்படுகிறது. அவர் மான்செஸ்டரில் சமய ஊழியராகப் பணியாற்றியவர். நெஷ் என்பதற்கான குறிப்பில் அதன் பழைய ஆங்கில வடிவம் தரப்பட்டுள்ளது. மற்றச் சொற்கள் பலவற்றுக்கும் பழைய கவிஞர்களின் வழக்கு சான்றாகக் காட்டப்படுகிறது. இவ்வடிக்குறிப்புகளுக்கு ஒரு நோக்கம் உண்டு. தொழிலாளர் பேச்சைக் கல்லாதவர் உளறல் என்று கருதிய வாசகருக்கு, இது உங்கள் முன்னோர் எழுதிய ஆங்கிலம் என்று அவை உணர்த்தின. லங்காஷயர் வட்டார வழக்கு குறித்து வில்லியம் ஆற்றிய இரு சொற்பொழிவுகள் 1854இல் அந்நாவலின் ஐந்தாம் பதிப்போடு இணைத்து வெளியிடப்பட்டன.

தாமஸ் ஹார்டியின் ‘தி உட்லேண்டர்ஸ்’ (1887) தென்மேற்கு இங்கிலாந்தின் காட்டுப்பகுதி மக்களைப் பற்றியது. அதிலும் இச்சொல் உண்டு. உறைவிடப் பள்ளியில் நெடுங்காலம் படித்தால் ஒரு பெண் வலுவிழந்துவிடுவாள் என்ற கிராமத்தார் பேச்சில் அது வருகிறது. அக்காலத்தில் தெற்கிலும் இச்சொல் வழங்கியதற்கு இது சான்று.

டி. எச். லாரன்ஸ் நாட்டிங்காம்ஷயரின் ஈஸ்ட்வுட் என்னும் சுரங்க ஊரில் 1885இல் பிறந்தவர். அவருடைய ‘சன்ஸ் அண்ட் லவ்வர்ஸ்’ (1913) நாவலில் மோரல் என்ற சுரங்கத் தொழிலாளி வேலை முடிந்து வந்து உடல் கழுவுகிறார். குளிரைப் பற்றி முறையிடும் அவர், தம் மனைவியின் உடம்பை நெஷ் என்று கேலி செய்கிறார். நிலத்தடியில் நாளெல்லாம் பாறையோடு போராடும் ஆள் சொல்வதால்தான் அக்கேலி கூர்மையாகிறது. உடல்வலுவே பிழைப்புக்கு ஆதாரமான ஊர்களில் நெஷ் எனப்படுவது சிறிய குற்றச்சாட்டன்று. இச்சொல் அங்கெல்லாம் அழியாமல் நிலைத்ததற்கு இந்தத் தேவையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜோசப் ரைட்டும் வட்டார அகராதியும்

19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதைகள் பெருகின. 1870இல் இயற்றப்பட்ட கல்விச் சட்டத்துக்குப் பின் தொடக்கக் கல்வி நாடெங்கும் விரிவடைந்தது. பள்ளிகளில் பொது ஆங்கிலமே கற்பிக்கப்பட்டது. வீட்டில் பேசும் சொல்லை வகுப்பில் பேசிய குழந்தை திருத்தப்பட்டது. வட்டாரச் சொற்கள் விரைவில் அழிந்துவிடும் என அறிஞர்கள் அஞ்சினர். அவற்றைத் திரட்டுவதற்காக 1873இல் ஆங்கில வட்டார வழக்குக் கழகம் தொடங்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் அறிஞர் வால்டர் ஸ்கீட் அதன் நிறுவனர். திரட்டியவற்றை அகராதியாக்கும் பெரும்பணி ஜோசப் ரைட் என்பவரிடம் வந்தது.

ரைட்டின் வாழ்க்கை மாணவர்கள் அறிய வேண்டியது. அவர் 1855இல் யார்க்‌ஷயரில் பிராட்ஃபோர்டு நகருக்கு அருகே பிறந்தார். ஆறு வயதில் கல்குவாரியில் கழுதை வண்டி ஓட்டும் வேலைக்குச் சென்றார். பின்னர் சால்ட்டேர் நெசவாலையில் நூற்கட்டைகளை மாற்றும் சிறுவனாகச் சேர்ந்தார். ஏறத்தாழ 15 வயது வரை அவருக்குப் படிக்கத் தெரியாது. அதன்பின் தாமே எழுத்தறிந்து, இரவுப் பள்ளியில் பயின்றார். சேமித்த பணத்துடன் ஜெர்மனிக்குச் சென்று ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் 1885இல் முனைவர் பட்டம் பெற்றார். 1901இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியர் ஆனார். மாக்ஸ் முல்லர் வகித்த பதவி அது. பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான டோல்கீன் அவருடைய மாணவர்களில் ஒருவர்.

ரைட் கோத்திக் மொழிக்கு இலக்கணம் எழுதினார். தாம் வளர்ந்த விண்ட்ஹில் என்னும் சிற்றூரின் பேச்சுக்கும் 1892இல் இலக்கணம் எழுதி வெளியிட்டார். அறிஞர் உலகம் போற்றும் பழைய மொழியையும் ஆலைத் தொழிலாளர் பேச்சையும் அவர் ஒரே முறையில் ஆராய்ந்தார். அவர் தொகுத்த ஆங்கில வட்டார வழக்கு அகராதி 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. முந்தைய 200 ஆண்டுகளில் வழங்கிய வட்டாரச் சொற்களை எல்லாம் பதிவு செய்வது அதன் நோக்கம். நெஷ் அதில் பல பொருள்களோடும், வழங்கும் மாவட்டங்களின் பெயர்களோடும் இடம்பெற்றுள்ளது.

இதன் தொடர்ச்சியாக 20ஆம் நூற்றாண்டில் லீட்ஸ் பல்கலைக்கழகம் ஒரு பெரிய கள ஆய்வை நடத்தியது. ஹெரால்டு ஆர்ட்டன், யூஜின் டீத் ஆகியோர் திட்டமிட்ட இவ்வாய்வில் 1950 முதல் 1961 வரை 313 இடங்களில் 1,300க்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்கப்பட்டன. அதிகம் பள்ளிக்குச் செல்லாத, ஊரை விட்டு வெளியேறாத முதியவர்களையே ஆய்வாளர்கள் தேடிச் சென்றனர். பள்ளி எவருடைய பேச்சைத் திருத்த முயன்றதோ, அவர்களிடமே பல்கலைக்கழகம் வந்து பாடம் கேட்டது.

வழங்கும் இடங்கள்

செஷயர், லங்காஷயர், டார்பிஷயர், ஸ்டாஃபோர்டுஷயர், நாட்டிங்காம்ஷயர், ஷ்ராப்ஷயர், தெற்கு யார்க்‌ஷயர் ஆகிய பகுதிகள் நெஷ்ஷின் முதன்மை இருப்பிடங்கள்.

கடல் கடந்தும் இச்சொல் சென்றுள்ளது. கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவில் ‘நிஷ்’ என்ற வடிவம் பதிவாகியுள்ளது. மென்மையான, எளிதில் காயப்படக்கூடிய என்பது அங்கே அதன் பொருள். கோட் மீன் பிடிப்பதற்காக டார்செட், டெவன் முதலிய தென்மேற்கு இங்கிலாந்துப் பகுதிகளிலிருந்து பலர் அத்தீவில் குடியேறினர். அவர்களுடன் சொல்லும் சென்றது.

இதைப் போன்ற பிற சொற்கள்

நெஷ் தனித்த எடுத்துக்காட்டன்று. வட்டார வழக்கில் உயிர்வாழும் பழைய ஆங்கிலச் சொற்கள் வேறு பலவும் உண்டு.

தோல்: துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளுதல். பழைய ஆங்கிலத்தின் ‘தோலியன்’ என்ற வினையிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் வழங்குகிறது. நெஷ்ஷுக்கு எதிரான பண்பைக் குறிப்பது.

பேர்ன்: குழந்தை. பழைய ஆங்கிலத்தின் ‘பெயார்ன்’ என்பதன் தொடர்ச்சி. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் வழங்குகிறது.

ஸ்டார்வ்: பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டெயோர்ஃபன்’ என்றால் இறத்தல். பொது ஆங்கிலத்தில் அது பசியால் வாடுதல் எனச் சுருங்கியது. வடக்கு வழக்கிலோ குளிரால் வாடுதல் என்ற பொருளைப் பெற்றது. வடநாட்டு முதியவர் ஒருவர் தாம் ‘ஸ்டார்வ்டு’ என்று சொன்னால் அவருக்குச் சோறு அன்று, கம்பளி தேவைப்படலாம்.

கிளெம்: பசியால் வாடுதல். ஸ்டார்வ் குளிரைக் குறித்த ஊர்களில் பசியைக் குறிக்க இச்சொல் பயன்பட்டது. காஸ்கெலின் நாவல்களில் அடிக்கடி காணலாம்.

பசிக்கு ஒரு சொல், குளிருக்கு ஒரு சொல், குளிர் தாங்காதவருக்கு ஒரு சொல் என்று தனித்தனியே வைத்திருந்த பேச்சை வறுமையான மொழி என்று கூற முடியாது.

ஒலி ஒற்றுமை குறித்த எச்சரிக்கை

நெஷ் என்பதைக் கேட்டவுடன் தமிழின் ‘நைதல்’, ‘நைந்த’ ஆகியவை சிலருக்கு நினைவுக்கு வரலாம். பேச்சில் ‘நைஞ்ச’ என்று சொல்லும்போது ஒலி இன்னும் நெருங்கும். பொருளிலும் மென்மை, வலுவின்மை என்ற சாயல் உண்டு. இதைக் கொண்டு இரண்டும் ஒரே வேரின என முடிவு செய்வது தவறு. இன்றைய வடிவங்களை ஒப்பிடுவதால் பயனில்லை. கிடைக்கும் மிகப் பழைய வடிவங்களையே ஒப்பிட வேண்டும். ஆங்கிலச் சொல்லைப் பின்னோக்கித் தொடர்ந்தால் முதலில் ஹகரமும் நடுவில் ஸ்க் ஒலியும் தோன்றுகின்றன. பின்னால் செல்லச் செல்ல ஒற்றுமை கூடவில்லை, குறைகிறது. எனவே இது தற்செயலான ஒப்புமையே.

இன்றைய நிலை

பழைய வட்டாரச் சொற்கள் பல வழக்கொழிந்தபோதும் நெஷ் மறையவில்லை. இளைஞர்களும் இதை அறிந்துள்ளனர். மாவட்டத்தின் அடையாளச் சொல்லாகத் தேநீர்க் கோப்பைகளிலும் சட்டைகளிலும் அச்சிட்டு விற்கப்படுகிறது. பெரிய ஆங்கில அகராதிகள் இதை ‘வட்டார வழக்கு’ என்ற குறிப்புடன் பதிவு செய்கின்றன. அதே சமயம் பொருள் சுருங்கியுள்ளது. மென்மையான பொருள்களைக் குறித்த பழைய பயன்பாடு ஏறத்தாழ மறைந்து, குளிர் தாங்காமை என்ற ஒன்றே மிஞ்சியுள்ளது.

வட்டாரச் சொல்லை ஆராயும் முறை

நெஷ்ஷின் வரலாற்றிலிருந்து, எந்த மொழியின் வட்டாரச் சொல்லையும் அணுகுவதற்கான சில படிகளை மாணவர்கள் பெறலாம்.

1. சொல் எந்தெந்த ஊர்களில், யாரால், எந்தச் சூழலில் பேசப்படுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

2. கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றைத் தேட வேண்டும்.

3. பழைய வடிவத்துக்கும் இன்றைய வடிவத்துக்கும் இடையிலான ஒலி மாற்றம் பிற சொற்களிலும் நிகழ்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு சொல்லுக்காக மட்டும் கூறப்படும் விதியை நம்பக் கூடாது.

4. உறவு மொழிகளில் இணையான சொல் உள்ளதா என்று ஒப்பிட வேண்டும்.

5. பொதுமொழியில் அச்சொல்லின் இடத்தை எந்தச் சொல் எப்போது பிடித்தது என்று அறிய வேண்டும்.

இந்த ஐந்தையும் முடிப்பதற்கு முன் ஒரு சொல்லைப் பிழை என்றோ கொச்சை என்றோ ஒதுக்குவது முறையாகாது. எந்த இடத்தில் பொதுமொழி வேண்டும் என்று மாணவருக்குக் கற்றுத்தருவது ஆசிரியரின் கடமை. அதற்காக அவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் சொல் தாழ்ந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அச்சொல் பாடநூலில் உள்ள சொல்லை விட மூத்ததாகவும் இருக்கக்கூடும்.